நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்கிய கதை

வேலூரிலிருந்து பாகாயம் தாண்டி திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. தெற்கே கண்ணமங்கலம், போளூர். பக்கத்தில் ஜவ்வாது மலைத்தொடர். மலை பக்கத்தில் இருப்பதால் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வேலூர் வெயிலைப் பற்றி தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். சுற்றியிருக்கும் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் குளிர் என்பது ஆடம்பரமா, அவசியமா? ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் கைக்குழந்தைக்குப் போடும் தடுப்பூசி மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருந்தால்தான் வேலை செய்யும். கணியம்பாடி ஒன்றியம் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாகப் பணி செய்துவரும் இடம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி. இங்கே ஒரு குப்பி தடுப்பு மருந்து கிராமத்துக்குப் போய்ச் சேரும்வரை குளிரைக் காப்பாற்றுவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மின்சாரம் இருந்தால் ஃப்ரிட்ஜ் ஓடும். மின்சாரம் இல்லாத ஊரில்? அங்கேதான் ஒரு விந்தையான இயந்திரம் வருகிறது. அடியில் அடுப்பு எரியும், மேலே பனிக்கட்டி உறையும்! நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்கும் இந்த இயந்திரத்தின் வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

பனிக்கட்டி கப்பலில் வந்த காலம்

இயந்திரம் வருவதற்கு முன்னால் நம் ஊரில் குளிர்ச்சிக்கு இருந்தவை மண்பானை, வெட்டிவேர்த் தட்டி, பனையோலை விசிறி. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கச்சேரிகளிலும் கூரையிலிருந்து ஒரு பெரிய துணிச்சட்டம் தொங்கும். அதன் பெயர் பங்கா. அதில் கட்டிய கயிறு சுவரிலுள்ள துளை வழியாக வெளித்தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒரு கூலியாள் உட்கார்ந்து நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருப்பார். காற்று உள்ளே இருப்பவருக்கு, வியர்வை வெளியே இருப்பவருக்கு. அந்தக் காலத்து 'வென்டிலேஷன்' இதுதான்.

பனிக்கட்டி வந்தது அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் 1806-ல் மார்டினிக் தீவுக்கு முதல் சரக்கை அனுப்பினார். ஊரே சிரித்தது. 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், வெப்பக் கடல். ஆனாலும் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. ரகசியம் ரொம்பச் சாதாரணமானது: மரத்தூள். கட்டிகளைச் சதுரமாக அறுத்து, இடைவெளி இல்லாமல் அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்தார்கள்.

சென்னையில் இந்த வியாபாரத்துக்காக 1842-ல் கடற்கரையோரம் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். இன்றைக்கும் திருவல்லிக்கேணிப் பக்கம் அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்றே பெயர். வால்டன் ஏரிக்கரையில் வாழ்ந்த தோரோ என்ற எழுத்தாளர், தன் ஏரியில் வெட்டிய பனிக்கட்டி சென்னை, பம்பாய், கல்கத்தா வரை போகும் என்பதை 1854-ல் வெளிவந்த தன் புத்தகத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பனிக்கட்டி யாருக்குப் போனது? அதிகாரிகளின் மேசைக்கும், காய்ச்சலில் கிடந்த வசதியானவர்களின் நெற்றிக்கும்தான். வேலூர்க் கிராமத்தில் காய்ச்சலில் கிடந்தவருக்கு ஈரத்துணிதான் கிடைத்தது.

1874-ல் சென்னையிலேயே ஒரு கம்பெனி நீராவி இயந்திரத்தைக் கொண்டு பனிக்கட்டி செய்ய ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. ஐஸ் ஹவுஸ் கைமாறி வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரிடம் வந்தது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு அது கைம்பெண்கள் விடுதியாக இருந்தது. 1963-ல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. கட்டிடம் நின்றுவிட்டது, அதைக் கட்டவைத்த வியாபாரம் உருகிப் போய்விட்டது.

சூடு எப்படிக் குளிராகும்?

கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதுதான் எல்லாக் குளிர்சாதனத்துக்கும் அடிப்படை. ஒரு திரவம் ஆவியாகும்போது பக்கத்திலிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் மண்பானையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பானையில் ஆவியான தண்ணீர் காற்றோடு போய்விடும். இயந்திரத்தில் அந்த ஆவியைப் பிடித்து மறுபடி திரவமாக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். இங்கேதான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

முதல் வழி கம்ப்ரசர். ஆவியை இயந்திரத்தால் அழுத்தித் திரவமாக்குவது. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் இந்த வகை. 1850-களில் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் இந்த முறையில் பனிக்கட்டி செய்து காட்டினார்.

இரண்டாவது வழி உறிஞ்சும் முறை. அம்மோனியா வாயுவுக்குத் தண்ணீர் மேல் அப்படி ஒரு ஆசை. குளிர்ந்த தண்ணீர் கிடைத்தால் ஓடிப்போய்க் கரைந்துவிடும். அந்தக் கரைசலைச் சூடாக்கினால் மனமில்லாமல் பிரிந்து வெளியே வரும். பிரிந்து வந்த வாயுவைக் குளிரவைத்தால் திரவமாகும். அந்தத் திரவம் மறுபடி ஆவியாகும்போது குளிர்ச்சியைத் தரும். ஆவியைத் தண்ணீர் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். ஆக, கம்ப்ரசர் செய்யும் வேலையை இங்கே ஒரு அடுப்பும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

1859-ல் இதை இயந்திரமாக்கிக் காப்புரிமை வாங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஃபெர்டினாண்ட் காரே. அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. வடக்கிலிருந்து பனிக்கட்டி வருவது நின்றதால் தென் மாநிலங்கள் திண்டாடின. அப்போது காரேயின் இயந்திரங்கள் முற்றுகையைத் தாண்டித் திருட்டுத்தனமாக அங்கே கொண்டுபோகப்பட்டன. குளிர்ச்சி எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் போரே சொல்லிக் கொடுத்தது.

இரண்டு மாணவர்களும் ஒரு விஞ்ஞானியும்

1922-ல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் ஒரு படி மேலே போனார்கள். காரேயின் இயந்திரத்தில் பம்ப் தேவைப்பட்டது. இவர்கள் அம்மோனியாவும் தண்ணீரும் இருந்த குழாய்க்குள் ஹைட்ரஜன் வாயுவையும் அடைத்தார்கள். அதனால் குழாய் முழுக்க ஒரே அழுத்தம். ஆனால் ஹைட்ரஜன் இருக்கும் பக்கத்தில் அம்மோனியாவின் பங்கு குறைவு என்பதால் அங்கே அது தாராளமாக ஆவியாகும். சூட்டில் எழும் குமிழிகளே திரவத்தை மேலே தள்ளும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு சின்ன நெருப்பு மட்டும் எரிந்தால் போதும்.

எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இந்த உரிமையை வாங்கியது. அமெரிக்காவில் சர்வெல் நிறுவனம் எரிவாயு ஃப்ரிட்ஜ்களாகச் செய்து விற்றது. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கும், காலனி நாட்டுத் தோட்டங்களுக்கும், மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கும் மண்ணெண்ணெயில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒரு வரமாக வந்தது.

இதே காலத்தில் இந்தத் துறைக்குள் வந்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்! பெர்லினில் ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த விஷவாயுவால் ஒரு குடும்பமே இறந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்து அவர் கலங்கினார். அந்தக் கால ஃப்ரிட்ஜ்களில் கந்தக டையாக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்கள் இருந்தன. அசையும் பாகம் இருந்தால்தானே இணைப்பு தேய்ந்து கசியும்? அசையும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று லியோ சிலார்டுடன் சேர்ந்து யோசித்தார். 1930 நவம்பரில் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. அதே சமயம் வந்த ஃப்ரியான் வாயு விஷமில்லாதது என்பதால் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஜெயித்துவிட்டது. அந்த ஃப்ரியான் ஓசோன் படலத்தை ஓட்டை போடும் என்பது பிறகுதான் தெரிந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட வேண்டி வந்தது.

நிறுவுவதும் பழுது பார்ப்பதும்

அசையும் பாகம் இல்லாத இயந்திரம் கெட்டுப்போகாது என்று நினைப்பது தவறு. அது கெட்டுப்போகும் விதமே வேறு.

முதல் விதி, மட்டம். உள்ளே திரவம் தன் எடையாலேயே ஓடுவதால், தரை சாய்ந்திருந்தால் எங்காவது தேங்கி நின்றுவிடும். ஃப்ரிட்ஜை வைத்ததும் மெக்கானிக் முதலில் எடுப்பது ஸ்பேனரை அல்ல, ரசமட்டத்தை. இரண்டாவது, சுடர். நீலமாக நின்று எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். புகைக்கரி புகைபோக்கிக் குழாயில் படிந்து, சூடு சேர வேண்டிய இடத்தில் சேராது. வாயு வரும் ஊசித்துளையைச் சிலந்தி வலை கட்டி அடைத்துவிடுவதும் உண்டு. மூன்றாவது, பின்பக்கக் காற்றோட்டம். உள்ளேயிருந்து எடுத்த வெப்பமும் அடுப்பின் வெப்பமும் சேர்ந்து வெளியேற வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே குளிர் ஏறாது.

பழைய ஃப்ரிட்ஜ் குளிராமல் போனால் கைதேர்ந்தவர்கள் ஒரு வேடிக்கையான வைத்தியம் செய்வார்கள். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, ஃப்ரிட்ஜைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள்! சில மணி நேரம் கழித்து நிமிர்த்தினால் அடைப்பு விலகி, கரைசல் சரியாகக் கலந்து, பல சமயம் மறுபடி வேலை செய்யும். ஆனால் அம்மோனியா நெடி அடித்தாலோ, குழாயில் மஞ்சள் பொடி பூத்திருந்தாலோ வைத்தியம் கிடையாது. அந்த மஞ்சள் பொடி துருவைத் தடுக்கப் போட்ட குரோமேட் உப்பு, அதுவும் விஷம்தான்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு. சரியாக எரியாத எந்தச் சுடரும் இதைக் கக்கும். நிறமில்லை, வாசனையில்லை. பழைய சர்வெல் ஃப்ரிட்ஜ்களை மூடிய அறையில் பயன்படுத்தியவர்கள் இறந்துபோனதால், அவற்றைக் கைவிடும்படி அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1990-களில் எச்சரிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் போட்டு உயிரை விடும் செய்திகள் இன்றும் வருகின்றன. இயந்திரம் வேறு, பாடம் ஒன்றுதான். எரியும் பொருள் இருக்கும் இடத்தில் காற்று உள்ளே வர ஒரு வழி, புகை வெளியே போக ஒரு வழி, இரண்டும் வேண்டும்.

ஒரு கட்டிடத்தையே குளிரவைக்கும் அடுப்பு

1940-களில் அமெரிக்காவின் கேரியர் நிறுவனம் பெரிய கட்டிடங்களுக்காக வேறொரு ஜோடியைக் கொண்டுவந்தது. அம்மோனியாவுக்குப் பதில் சாதாரணத் தண்ணீர், அதை உறிஞ்ச லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசல். உப்பு ஜாடியைத் திறந்துவைத்தால் கசகசவென்று ஈரமாகிறதல்லவா, அதே குணம்தான்.

தண்ணீர் 100 டிகிரியில்தானே கொதிக்கும், அது எப்படிக் குளிர்விக்கும் என்று கேட்கலாம். இயந்திரத்துக்குள் காற்றையெல்லாம் வெளியேற்றி ஏறக்குறைய வெற்றிடமாக்கிவிடுவார்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 4 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மலையுச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதன் எல்லை இது.

இந்த இயந்திரத்தின் நோய்களும் வேறு. ஒரு ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து வெற்றிடம் கெடும், குளிர்ச்சி விழுந்துவிடும். உள்ளே துருப்பிடித்தால் ஹைட்ரஜன் உண்டாகி அதே தொல்லையைத் தரும். அதனால் அவ்வப்போது வாயுவை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். கூலிங் டவரில் உப்புத் தண்ணீர் ஓடினால் குழாய்களில் காரை கட்டும். வேலூர்ப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரிய பயம் உறைந்துபோவது. கரைசல் மிகக் கெட்டியாகிவிட்டால் பாகு பூத்துக் கற்கண்டாவதுபோல் உப்பு படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். இயந்திரத்தை முறையாக நிறுத்தினால் முதலில் சுடரை அணைத்து, பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கரைசலை நீர்க்கவைத்த பிறகே நிற்கும். திடீரென்று கரண்ட் போனால்? சூடான கெட்டிக் கரைசல் அப்படியே நின்று ஆறி உறையும். பிறகு வெளியிலிருந்து குழாயைப் பொறுமையாகச் சூடேற்றி இளக்க வேண்டும். 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நினைத்துப் பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த இயந்திரமும் பம்புக்காக ஒரு சின்ன ஜெனரேட்டரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

சரி, லாபமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 டன் குளிர்த்திறன் என்பது சுமார் 352 கிலோவாட். இரட்டைநிலை உறிஞ்சு இயந்திரம் ஒரு பங்கு வெப்பத்துக்கு ஏறக்குறைய 1.1 பங்கு குளிரைத் தரும். ஆக 320 கிலோவாட் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 12.8 யூனிட் வெப்பம். அப்படியென்றால் மணிக்கு 25 கிலோ. ஓட்டல்களில் பார்க்கும் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது! நல்ல மின்சாரக் குளிர்விப்பானோ ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஐந்து பங்கு குளிரைத் தரும். மின்நிலையத்தில் எரிபொருளின் பெரும்பகுதி வீணாகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும் சிலிண்டரை எரித்து ஏசி போடுவது கட்டுப்படியாகாது.

அப்படியானால் இந்த இயந்திரம் எங்கே ஜெயிக்கிறது? வெப்பம் சும்மா கிடைக்கும் இடத்தில். ஜெனரேட்டர் புகை, ஆலையில் மிஞ்சும் நீராவி, வெயில் எல்லாம் இதற்குத் தீனி. புனேயைச் சேர்ந்த தெர்மாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களே இவற்றைச் செய்கின்றன. ஜப்பானிலும் கொரியாவிலும் கோடைக்கால மின்தேவையைக் குறைக்க எரிவாயுவில் ஓடும் இயந்திரங்களைப் பெரிய அளவில் வைத்தார்கள். எண்ணூரில் 2019-ல் இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. குழாய்வழி எரிவாயு விநியோகத்துக்காகச் சித்தூர், கோலார், வேலூர் மாவட்டங்களை ஒரே பகுதியாகச் சேர்த்து உரிமம் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு இங்கேயும் இந்தக் கணக்கு மாறலாம்.

மறுபடி அந்தத் தடுப்பூசிக் குப்பி

உலக சுகாதார நிறுவனம் 1974-ல் விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது, இந்தியா 1978-ல் தொடங்கியது. மின்சாரம் நம்பமுடியாத நாடுகளில் எல்லாம் மண்ணெண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓடும் உறிஞ்சு ஃப்ரிட்ஜ்கள்தான் மருந்தைக் காத்தன. இரண்டு ஸ்வீடன் மாணவர்களின் யோசனை கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

ஆனால் இந்த ஃப்ரிட்ஜுக்கு ஒரு பெரிய குறை. சுடரை நுணுக்கமாகக் கட்டுப்படுத்த முடியாது. பகல் வெயிலில் 8 டிகிரியைத் தாண்டும், குளிர்ந்த ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். போலியோ சொட்டு மருந்துக்குச் சூடு ஆகாது. முத்தடுப்பு ஊசிக்கும் மஞ்சள்காமாலை 'பி' ஊசிக்கும் உறைந்தால் ஆகாது. கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கும் என்பதுதான் கொடுமை. ஊசி போட்டாயிற்று என்று தாய் நிம்மதியாக இருப்பாள், குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்காது. 1996-ல் குப்பியின் மேல் சூடு பட்டால் நிறம் மாறும் சின்ன அடையாளச் சதுரம் வந்த பிறகே சொட்டு மருந்தில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

பிறகு சுற்றிலும் பனிக்கட்டி அடுக்கு வைத்த மின் ஃப்ரிட்ஜ்கள் வந்தன. கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிரைத் தாங்கும். பேட்டரி இல்லாமல் நேரடியாக வெயிலில் ஓடும் ஃப்ரிட்ஜ்களும் வந்தன. அடுப்பு வைத்த ஃப்ரிட்ஜ் மெல்ல ஓரம் கட்டப்பட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச்சில் அதற்கான சான்றிதழும் கிடைத்தது. அந்த வெற்றியில் மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதைக் குளிராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

மொத்தத்தில், குளிரின் வரலாறு என்பது யாருக்குக் குளிர் கிடைத்தது என்பதன் வரலாறுதான். பங்கா காலத்தில் இழுத்தவருக்குக் கிடைக்கவில்லை. ஐஸ் ஹவுஸ் காலத்தில் பட்டணத்து வசதிக்காரருக்குக் கிடைத்தது. மின்கம்பி வந்தபோது கம்பி எட்டிய ஊருக்குக் கிடைத்தது. கம்பி எட்டாத ஊருக்கு ஒரு கைப்பிடி நெருப்பு அதைக் கொண்டுபோனது. வருடத்துக்கு வருடம் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. கூரைத் தகட்டுக்குக் கீழே வேலை செய்பவர்களும், வயதானவர்களும், கைக்குழந்தைகளும்தான் முதலில் அடிபடுகிறார்கள். அந்த வெயிலையே தீனியாகப் போட்டு அவர்களுக்குக் குளிரைத் தர முடியும் என்பதை 1859-லிருந்தே அறிவியல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கி.